அயலார் குரல் பயன்படுமா?

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையூர்களில் வாழும் நமக்கு 1938 ஆகஸ்ட் 31 மறக்கவொண்ணாத நாள். பொறுப்பாட்சி வேண்டித் திரண்ட மக்கள்மீது அன்று நெய்யாற்றின்கரையில் அரசுப் படையினர் சுட்டனர். வீரராகவன் முதலியோர் வீழ்ந்தனர். அவ்வாண்டே திருவிதாங்கூர் அரசு பூட்டிய ‘மலையாள மனோரமா’, எல்லைக்கு அப்பால் கொச்சி நாட்டுக் குன்னங்குளத்திலிருந்து வெளிவந்தது. உள்ளே அடைபட்ட குரலுக்கு வெளியே ஒரு வாய் வேண்டும் என்பதற்கு நம் அண்டையிலேயே கிடைத்த சான்று இது.

பர்மாவில் 1962-லும் 2021-லும் படையினர் ஆட்சியைப் பறித்தனர். 1962-க்குப்பின் உடைமை இழந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் பல. அந்நாட்டு மக்களுக்காக அயல்நகர்த் தெருவில் நால்வர் அட்டை ஏந்தி நிற்பதால் ஆவதென்ன என்று வினவுவாருண்டு.

வினா நியாயமானதே. சிலி நாட்டில் 1973-இல் படைத்தலைவர் பினோச்சே அரசைக் கவிழ்த்தார். மறு ஆண்டு, ஸ்காட்லாந்தின் ஈஸ்ட் கில்பிரைட் தொழிற்சாலையில் சிலி விமானப்படையின் எஞ்சின்களைப் பழுதுபார்க்கத் தொழிலாளர் மறுத்தனர். அவை 1978 வரை அங்கேயே முடங்கிக் கிடந்தன. ஆட்சியோ 1990 வரை நீடித்தது. அவ்வாறே, அமெரிக்க மாணவர் இடைவிடாது வற்புறுத்தியபின், பெப்சி நிறுவனம் 1997-இல் பர்மாவை விட்டு வெளியேறிற்று, படையாட்சி அகலவில்லை.

ஆகவே, கூக்குரல் மட்டும் கோட்டையை வீழ்த்தாது. பணமும் படைக்கலமும் செல்லும் வாயிலைக் கண்டறிந்து, அங்கே நின்று விடாது கேட்பதே பயன் தரும். உள்ளிருப்போர்க்கு ஊறு நேராவண்ணம் அவர்தம் பெயர்களைக் காத்தலும் நம் கடனாம். நால்வர் என்பது குறையன்று. நாலே நாளில் ஓய்ந்துவிடுதலே குறை.