கிராவிட்டானுக்கு நிறை உண்டா?
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

மின்காந்த விசையை ஏந்திச் செல்லும் துகள் ஃபோட்டான் என்பதை நாம் பாடத்தில் படிக்கிறோம். அதுபோல ஈர்ப்பு விசையை ஏந்திச் செல்வதாகக் கருதப்படும் துகளே கிராவிட்டான். இதுவரை எவரும் அதைத் தனியே கண்டதில்லை. ஆயினும் அதற்கு நிறை உண்டா, இல்லையா என்ற கேள்வி அறிஞர்களை விட்டபாடில்லை.

நிறையற்ற துகள் ஏந்தும் விசை எவ்வளவு தொலைவும் எட்டும். நிறையுள்ள துகள் ஏந்தும் விசையோ ஓர் எல்லைக்கு அப்பால் விரைந்து தேய்ந்துவிடும். அணுக்கரு விசையின் குறுகிய எல்லையை யுகாவா 1935-இல் இவ்வாறே விளக்கினார். கிராவிட்டானுக்கு நிறை இருப்பின் அண்டத்தின் பெருந்தொலைவுகளில் ஈர்ப்பு தளரும். அண்டம் வேகம் கூடி விரிவது 1998-இல் தெரியவந்தபின் இக்கருத்துக்கு மதிப்புக் கூடியது.

கடுகளவு நிறை

நிறையுள்ள கிராவிட்டானுக்கான சமன்பாட்டை ஃபியர்ஸ், பௌலி இருவரும் 1939-இல் அமைத்தனர். 1970-இல் வான் டாம், வெல்ட்மன் இருவரும், தனியாக ஜகாரவும் அதில் ஒரு வியப்பைக் கண்டனர்.

என் தந்தையார் ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் மூட்டை சுமப்பவர். தராசில் கடுகளவு கூட்டினால் முள்ளும் கடுகளவே நகரும் என்பது அவர் அறிந்த கணக்கு. இங்கோ அக்கணக்குப் பொய்க்கிறது. நிறை எவ்வளவு சிறிதாயினும், சூரியன் அருகே ஒளி வளையும் அளவு முக்கால் பங்காகக் குறைந்துவிடுகிறது. ஐன்ஸ்டீன் கூறிய 1.75 விகலைக்குப் பதில் 1.31 விகலை! (ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு விகலை.) 1919 கிரகண ஆய்வும் பின்வந்த ரேடியோ அளவுகளும் ஐன்ஸ்டீன் பக்கமே நின்றன.

அப்படியானால் நிறை இல்லையென்று முடித்துவிடலாமா? கூடாது என்றார் வைன்ஷ்டைன், 1972-இல். சூரியன் போன்ற பெரும்பொருளின் அருகே அந்தத் தோராயக் கணக்குச் செல்லாது. முழுமையாகக் கணக்கிட்டால் வேறுபாடு மறைந்துவிடும் என்று அவர் காட்டினார். கேள்வி மீண்டும் உயிர்பெற்றது.

நம் மலையின் பங்கு

சூரியனையே தராசாக்கி ஈர்ப்பை ஆராய்ந்த வரலாற்றில் நம் பழனிமலைக்கும் இடமுண்டு. கோடைக்கானல் வானாய்வுக் கூடத்தில் 1901 முதல் சூரியனை ஆராய்ந்து வருகின்றனர். சூரியனின் ஈர்ப்பால் அதன் நிறமாலைக் கோடுகள் சிவப்புப் பக்கம் நகரவேண்டும் என்பது ஐன்ஸ்டீன் கூற்று. 4000 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் அந்நகர்வு 0.0085 ஆங்ஸ்ட்ராம் மட்டுமே. சூரிய வாயுக்களின் ஓட்டமும் கோடுகளை நகர்த்தும். இரண்டையும் பிரித்தறிய எவர்ஷெட் பல்லாண்டு உழைத்தார். சூரியனின் மறுபக்கத்தை அறிய, வெள்ளிக் கோள் எதிரொளிக்கும் ஒளியையும் ஆராய்ந்தார். ஐன்ஸ்டீன் கூறிய நகர்வு உண்டென்று 1923-இல் முடிவு கூறினார்.

இந்த நகர்வைக் கொண்டு கிராவிட்டானின் நிறையைச் சொல்லமுடியாது. இரு கொள்கைகளிலும் அதன் அளவு ஒன்றே. ஒளிவளைவில்தான் கொள்கைகள் பிரிகின்றன. எந்த அளவை எந்தக் கேள்விக்கு விடை தரும் என்று தெரிந்துகொள்வதும் அறிவியலே.

2015-இல் லைகோ கருவிகள் ஈர்ப்பலைகளை உணர்ந்தன. கிராவிட்டானுக்கு நிறை இருப்பின், அதிர்வெண் குறைந்த அலைகள் பிந்தி வரவேண்டும். அப்படி எதுவும் தென்படவில்லை. எனவே நிறை இருந்தாலும், அது எலெக்ட்ரான் நிறையில் கோடி கோடி கோடி கோடியில் மூன்று பங்குக்கும் குறைவே. சுழி என்று மட்டும் இன்னும் எவராலும் சொல்ல இயலவில்லை.

அறிவியல் எங்கோ சீமையில் நடப்பது என்றெண்ணி வளர்ந்தவர்கள் நம்மில் பலர். அடுத்தமுறை கோடைக்கானல் செல்லும் நண்பர்கள் ஏரியோடு திரும்பிவிடாமல் வானாய்வுக் கூடத்தையும் கண்டுவர வேண்டுகிறேன்.