உங்களுக்குத் தெரியுமா? கொடிக்கு சல்யூட் அடிக்காத செபு பிள்ளைகள்

பிலிப்பைன்ஸில் பத்துப் பேரில் ஏறக்குறைய எட்டுப் பேர் கத்தோலிக்கர்கள். அங்கே 1521இல் கடலோடி மெகல்லன் சிலுவை நட்ட செபு தீவில்தான் ஒரு கொடி வணக்க வழக்கு முளைத்தது.

1990இல் யெகோவாவின் சாட்சிகள் என்ற சிறு கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த பல பிள்ளைகளைப் பள்ளிகள் வெளியேற்றின. காலைக் கொடியேற்றத்தில் அவர்கள் சல்யூட் அடிக்கவில்லை, தேசிய கீதம் பாடவில்லை, உறுதிமொழி சொல்லவில்லை. கடவுளைத் தவிர எதையும் வணங்கக் கூடாது என்பது அவர்கள் நம்பிக்கை. ரகளை ஏதும் இல்லை. மற்றவர்கள் பாடி முடிக்கும்வரை அமைதியாக, விறைப்பாக நின்றார்கள். அவ்வளவுதான்!

சட்டம் பள்ளிகள் பக்கமே இருந்தது. கொடி வணக்கம் மதச் சடங்கே அல்ல என்று 1959இலேயே அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. ஒருவருக்கு எது வழிபாடு என்பதை நீதிபதிகளே முடிவு செய்த விசித்திரத் தீர்ப்பு அது. செபு பிள்ளைகளின் வழக்கில் 1993 மார்ச் 1 அன்று அதே நீதிமன்றம் அதை மாற்றியது. சும்மா நிற்பதால் நாட்டுக்கு ஆபத்து ஏதுமில்லை. அதற்காகப் பள்ளியை விட்டுத் துரத்துவது மத சுதந்திரத்தையும் கல்வி உரிமையையும் பறிப்பதாகும் என்றது.

நம் உச்ச நீதிமன்றம் முந்திக்கொண்டது. தேசிய கீதம் பாடாத கேரளப் பிள்ளைகள் மூவரை 1986இலேயே பள்ளிக்குத் திருப்பி அனுப்பிவிட்டது. அவர்களும் அதே பிரிவினர்தான்.