ஒபிஸ் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்குது?

வாங்கோ, வாங்கோ! சத்தம் மட்டும் போடாதீங்கோ. தெஹிவளையிலிருந்து ஹொஸ்பிட்டல் ரோட்டால் களுபோவிலைக்கு வந்துவிட்டோம். ஆஸ்பத்திரி வாசல் நெரிசலைக் கடந்தாச்சு. இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஏதாவது ஒரு பாடசாலையை மனதில் நினைத்துக்கொள்ளுங்கோ. பெயர் வேண்டாம், வெள்ளவத்தை என்றாலும் கொட்டாஞ்சேனை என்றாலும் ஒபிஸ் ஒபிஸ்தான். பெற்றோர் இந்தப் பக்கம் நின்றே கால் வலித்த அந்தக் கம்பி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இன்றைக்கு ஒரு எட்டு எட்டிப் பார்ப்போம்!

இரும்பு அலுமாரி, நூல் கட்டிய பைல்கள், ஆறிப்போன பிளேன்டீ. மேசைக்குப் பின்னால் முகாமைத்துவ உதவியாளர் அக்கா. அவவின் போனில், வாட்ஸ்அப்புக்குப் பக்கத்திலேயே சாட்ஜிபிடி. பார்த்தீங்களா! ஒரு சம்பளமும் கேட்காத புது ஆள் ஒன்று ஒபிஸில் சேர்ந்தாச்சு.

2022 நவம்பர் 30 இல் சாட்ஜிபிடி வெளிவந்த நாளிலிருந்து, பாடசாலையும் ஏஐயும் என்று வாய் திறந்தாலே பிள்ளைகளின் ஹோம்வேர்க் பற்றித்தான் புலம்பல். 2024 இல் கல்வி அமைச்சு மைக்ரோசொஃப்டுடன் சேர்ந்து 20 பாடசாலைகளில் தரம் 8 முதல் ஏஐ கற்பிக்கும் முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியபோதும் எங்கள் பேச்சு வகுப்பறையைத் தாண்டவில்லை. கல்விசாரா ஊழியர் பக்கம் ஆரும் தலை திருப்பினார்களா? இல்லையே! ஆனால் ஒன்றை யோசியுங்கோ. கணக்கு ரீச்சருக்குத் தெரிந்தது உங்கள் மகளின் புள்ளி மட்டும். ஒபிஸ் அக்காவுக்கோ பிறப்புச் சான்றிதழிலிருந்து உங்கள் வீட்டு வாடகை ஒப்பந்தம் வரைக்கும் தெரியும்.

சரி, வேலையைப் பார்ப்போம். காலையிலேயே ஒரு சுற்றறிக்கை, சிங்களத்தில் மட்டும். "தங்கச்சி, இடைவேளைக்கு முதல் தமிழில தாங்கோ" என்கிறார் அதிபர். அக்கா படம் பிடிக்கிறா, ஏஐக்குக் கொடுக்கிறா, சில வினாடியில் தமிழ் கொட்டுகிறது! முந்தி இதற்கு அரை நாள் போகும். இதில் பயப்பட ஒன்றுமில்லை, சுற்றறிக்கை எப்படியும் எல்லாருக்கும் பொதுவானது. ஆனால் கெட்டிக்கார அக்கா அதோடு விடமாட்டா. மூலத்தைப் பக்கத்தில் வைத்து, திகதி, தரம், இலக்கம் மூன்றிலும் விரல் வைத்து ஒப்பிடுவா. வசனம் எவ்வளவு அழகாக ஓடுகிறதோ அவ்வளவுக்குப் பிழை கண்ணில் படாது. 15 ஆம் திகதி 25 ஆகிவிட்டால் ஒரு பிள்ளையின் விண்ணப்பமே போச்சு.

பழைய கடிதமொன்றைத் திருத்தப் போனால் இன்னொரு கூத்து. அது பாமினி எழுத்துருவில் அடித்தது. ஏஐயிடம் ஒட்டினால் ஆங்கில எழுத்துகள் அரைப்புள்ளியும் தானுமாய்க் கொட்டுண்டு கிடக்கும். யுனிகோடுக்கு மாற்றி எடுத்தால்தான் அது தமிழ்!

இப்போது ஜன்னலடியில் ஒரு அம்மா, கையில் களுபோவில ஆஸ்பத்திரி டயக்னோசிஸ் கார்ட். மகன் இரண்டு கிழமை வரவில்லை, அதற்கு அத்தாட்சி. டொக்டரின் கையெழுத்தை வாசிக்க ஏலாது. ஏஐ வாசிக்கும். அக்காவின் கை போனுக்குப் போகிறது... ஐயோ, நிற்பாட்டுங்கோ! அந்தக் கார்டில் பெயர், வயது, நோய் எல்லாம் இருக்கின்றன. படம் போனை விட்டுப் போனால், எந்த நாட்டில் எந்தக் கொம்பியூட்டரில் எத்தனை நாள் கிடக்கும் என்று அக்காவுக்கும் தெரியாது, அதிபருக்கும் தெரியாது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 16 வயதுக்குக் குறைந்தவர்களின் தரவை நோய் விபரத்தோடு சேர்த்து விசேட வகைக்குள் வைத்திருக்கிறது. சட்டத்தை முழுதாக நடைமுறைக்குக் கொண்டுவருவது இழுபட்டது உண்மைதான். அதற்காகப் பிள்ளையின் காய்ச்சலைக் கடல் கடந்து அனுப்பலாமா? பக்கத்திலேயே ஆஸ்பத்திரி, அந்த அம்மாவிடமே கேட்டாலும் சொல்லிவிடுவா.

இனி இந்த அறையின் திருவிழா: தரம் ஒன்று அனுமதி! அருகில் வசிப்போருக்கு 50 சதவீதம், பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு 25, சகோதரர் படிக்கும் பிள்ளைகளுக்கு 15, மிச்சம் சின்னச் சின்ன வகைகளுக்கு. விண்ணப்பக் கட்டுகள் மேசையை மூடிவிடும். 'இதை ஏஐயிடம் கொடுத்துப் புள்ளி போட்டால் என்ன?' என்று ஆசை வரும், வராமல் இருக்குமா! ஆனால் ஐரோப்பிய ஒன்றியம் 2024 ஓகஸ்டில் நடைமுறைக்கு வந்த தன் ஏஐ சட்டத்தில், பாடசாலை அனுமதியைத் தீர்மானிக்கும் மென்பொருளை உயர் ஆபத்து வகையில் போட்டிருக்கிறது. புள்ளி ஏன் குறைந்தது என்று ஒரு தகப்பன் மேன்முறையீட்டுக்கு வந்து நின்றால், 'கொம்பியூட்டர் சொன்னது' என்று பதில் சொல்ல ஏலுமா? எனக்கு இதில் இரண்டாம் பேச்சில்லை. பதில் சொல்லக்கூடிய மனிதர்தான் புள்ளி போடவேண்டும். நேர்முகப் பரீட்சைக்கு வருவோருக்கான அழைப்புக் கடித மாதிரியை வேண்டுமென்றால் ஏஐ எழுதட்டும், பெயரைப் பிறகு கையால் நிரப்பலாம்.

வாசலுக்கு ஓடுவோமா? காவலாளி ஐயா கதிரையில் இருக்கிறார். போன் அடிக்கிறது. "நான் தரம் நாலு பிள்ளையிட அம்மா. இண்டைக்கு வான் அங்கிள் இல்ல, மாமா வருவார், அவரோட விடுங்கோ." குரல் அம்மாவின் குரலேதான். முந்தி அது போதும், இப்போது போதாது! 2024 ஜனவரியில் அமெரிக்காவின் பால்டிமோருக்குப் பக்கத்தில், பைக்ஸ்வில் உயர் பாடசாலை அதிபர் இனவெறி கக்குவதுபோல ஒரு ஒலிப்பதிவு பரவி ஊரே கொந்தளித்தது. அதிபருக்கு மிரட்டல் குவிந்தது. ஏப்ரலில் பொலிஸார் பிடித்தது யாரை? அதே பாடசாலையின் விளையாட்டுப் பொறுப்பாளரை! பாடசாலைப் பணத்தைக் கையாண்ட விதம் பற்றி அதிபர் அவரை விசாரிக்கத் தொடங்கியிருந்தார், அதனால் ஏஐயில் அதிபரின் குரலைச் செய்துவிட்டார் என்றது பொலிஸ். அடுத்த ஆண்டு அவருக்கு நான்கு மாதச் சிறை. ஆகவே ஐயா, குரலை நம்பாமல் போனை வையுங்கோ, பதிவேட்டில் உள்ள இலக்கத்துக்கு நீங்களே திருப்பி எடுங்கோ.

சிற்றுண்டிச்சாலையில் ரோல்ஸ் மணக்கிறது. இங்கே என்ன ஏஐ என்கிறீர்களா? இங்கிலாந்தின் எசெக்ஸில் செல்மர் வாலி பாடசாலை, 2023 இல், மதிய உணவுக் காசை மாணவரின் முகத்தைப் பார்த்தே கழிக்கும் முறையைக் கொண்டுவந்தது. படித்தவர்கள் ஏறக்குறைய 1,200 பேர். ஆபத்தை முன்கூட்டியே மதிப்பிடவில்லை, சம்மதத்தையும் ஒழுங்காகப் பெறவில்லை என்று 2024 ஜூலையில் அந்நாட்டுத் தகவல் ஆணையர் அலுவலகம் கண்டித்தது. ஒரு ரோல்ஸ் விற்க முகம் எதற்கு? காசைக் கொடுத்தால் போதாதா!

திரும்ப ஒபிஸுக்கு. இப்போது அமைதி, அக்கா ஒரு இரங்கல் கடிதம் தயாரிக்கவேண்டும். இங்கே ஒரு கதை சொல்லியே ஆகவேண்டும். 2023 பெப்ரவரியில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் துப்பாக்கிச் சூடு, மூன்று மாணவர் இறந்தார்கள். வண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் பீபொடி கல்லூரி நிர்வாகப் பிரிவொன்று தன் மாணவருக்கு ஆறுதல் மின்னஞ்சல் அனுப்பியது. அடியில் சின்னதாய் ஒரு வரி: சாட்ஜிபிடியின் உதவியோடு எழுதியது என்று! மாணவர் கொதித்தார்கள், கல்லூரி மன்னிப்புக் கேட்டது. ஒளிக்காமல் சொன்னார்களே, அந்த நேர்மைக்கு ஒரு சபாஷ். ஆனால் சாவீட்டுக்குப் போகிற கடிதத்தை இயந்திரத்திடம் எழுதக் கொடுக்கக் கூடாது. தண்ணீர் வெட்டு அறிவித்தல், நூலகப் புத்தகப் பட்டியல், தளபாடக் கணக்கெடுப்பு அட்டவணை எல்லாம் தாராளமாகக் கொடுங்கோ.

சரி, மணி அடிக்கப் போகிறது, வெளியே வருவோம். போகிற போக்கில் அதிபர்மாருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஏஐ செயலமர்வுக்கு ஆசிரியர் பெயர்களை அனுப்பும்போது, ஒபிஸ் அக்காவின் பெயரையும் வாசல் ஐயாவின் பெயரையும் அதே பட்டியலில் சேர்த்து அனுப்புங்கோ.