பூனை, சாரை, சாக்குருவி

நெல் மூடை அடுக்கிய வீட்டில் எலி இருக்கும். எலி இருக்கும் வீட்டில் பூனையும் இருக்கும். பூனைக்கு வயிறாரச் சோறு வைத்தால் எலி பிடிக்காது என்று எங்கள் உம்மும்மா சொல்லுவார். பல வீடுகளில் இதுதான் பேச்சு. ஆனால் பூனை பசிக்காக மட்டும் வேட்டையாடுவதில்லை. சின்னதாய் ஏதும் ஓடக் கண்டால் வயிறு நிறைந்த பூனையும் பாயும். பட்டினிப் பூனையோ எலிக்காகக் காத்திராமல் குசினியில் மீனைத் தேடும். பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணுக்குக் கிடைத்த தண்டனையை ஹதீஸில் நாம் படித்திருக்கிறோமே!

தாய்ப்பூனை எலியைக் குற்றுயிராய்க் கொண்டுவந்து குட்டிகளின் முன்னே விட்டு வேட்டையைப் பழக்கும். ஆகவே குட்டியைக் கொஞ்சக் காலம் தாயோடு விட்டு எடுப்பதே நல்லது.

பூனை சுண்டெலிக்குப் போதும். பெருச்சாளியைக் கண்டால் பெரும்பாலும் ஒதுங்கிவிடும். வயலுக்கும் அது காவலில்லை. அங்கே வளைக்குள் நுழைந்து எலி பிடிப்பது சாரைப் பாம்பு. அதற்கு விஷமில்லை. நாகமென்று நினைத்து அதைத்தான் அடித்துக் கொல்கிறோம்.

சாக்குருவியின் கதை இன்னும் பரிதாபம். காரிருளிலும் சத்தத்தை மட்டும் வைத்து எலியைப் பிடித்து முழுதாய் விழுங்கி, எலும்பையும் மயிரையும் உருண்டையாய்க் கக்கிவிடும் பறவை அது. அது அலறினால் வீட்டில் மௌத்து நடக்கும் என்று கல்லெறிகிறார்கள். ஆந்தையைத் துர்ச்சகுனமாகக் கொள்ளும் அறியாமைக் காலத்து நம்பிக்கையை நபி (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டார்கள். பிறகும் ஏன் இந்தக் கல்?

எல்லாப் பிராணியும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. 1872இல் கரும்புத் தோட்டத்து எலிகளை ஒழிக்க, கல்கத்தாவிலிருந்து ஜமெய்க்காவுக்குக் கீரிகளைக் கொண்டுபோனார்கள். கீரி பகலில் இரை தேடும். எலி இரவில் திரியும். கடைசியில் அங்குள்ள பறவைகளும் ஓணான்களும்தான் கீரிக்கு இரையாயின.

எலி நெல்லை மட்டும் கெடுப்பதில்லை. அதன் சிறுநீர் கலந்த வயல் தண்ணீர் காலிலுள்ள காயத்தில் பட்டாலே எலிக்காய்ச்சல் வரலாம். அது உயிரையும் கொண்டுபோகும். அந்தப் பயத்தில் கடையில் எலிமருந்து வாங்கி வைக்கிறோம். ஆனால் அந்த மருந்துகளில் பலவற்றைத் தின்ற எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடித் திரியும். அப்படிப்பட்ட எலிதான் பூனைக்கும் சாக்குருவிக்கும் முதலில் அகப்படும். நஞ்சு அவற்றின் உடம்பிலும் ஏறும். பூனை வளர்க்கும் வீட்டுக்கு எலிப்பொறியே போதும்.