பூச்சியமும் அதன் மடங்கும்

ஓர் எழுத்தையும் எண்களையும் கூட்டியும் பெருக்கியும் அமைத்த தொடரைக் கணக்கியலார் பல்லுறுப்புக் கோவை என்பர். எழுத்துக்கு எவ்வெண்ணை ஈந்தால் கோவையின் மதிப்புப் பூச்சியமாகின்றதோ, அவ்வெண் அக்கோவையின் பூச்சியம் எனப்படும். அதனைக் காணும் நெறியையும், அஃது எத்துணை முறை அமைந்துள்ளது என்று அறியும் நெறியையும் ஈண்டுக் காண்போம்.

அ³ − 3அ + 2 என்னும் கோவையை எடுத்துக்கொள்வோம். இதன் கெழுக்கள் யாவும் முழு எண்கள். முதற் கெழு 1. இத்தகைய கோவைக்கு முழு எண்ணாகிய பூச்சியம் உண்டாயின், அஃது இறுதி எண்ணை மீதியின்றி வகுக்கும். ஆதலின் 1, −1, 2, −2 என்னும் நான்கினை மட்டும் ஆராய்ந்தால் போதும். 1 ஐ ஈந்தால் 1 − 3 + 2 = 0. −2 ஐ ஈந்தால் −8 + 6 + 2 = 0. ஏனைய இரண்டும் 4 என்னும் மதிப்பையே தருகின்றன.

மூன்றாம் படிக் கோவைக்கு இரண்டு பூச்சியங்கள்தாமோ? அவசரப்படுவோர் இங்கு நின்றுவிடுவர். 1 ஒரு பூச்சியமாயின் (அ − 1) அக்கோவையின் காரணியாகும். இவ்வுண்மையை டேக்கார்ட் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1637 இல் வெளியிட்ட தம் வடிவியல் நூலில் எடுத்துரைத்தார். அக்காரணியால் வகுத்தால் ஈவு அ² + அ − 2. இவ்வீவிலும் 1 ஐ ஈந்து பாருங்கள். மீண்டும் பூச்சியமே வருகின்றது! எனவே கோவை (அ − 1)² (அ + 2) ஆகும். 1 என்பதன் மடங்கு 2. −2 என்பதன் மடங்கு 1. வெண்பாவில் ஒரு சொல் இருமுறை தனிச்சீராய் வரின் இரு சீர்களாகவே எண்ணுகின்றோம் அன்றோ? அதுபோன்றே இதுவும்.

வரைபடத்தில் இவ்வேறுபாடு கண்ணுக்குப் புலனாகும். −2 இல் வளைகோடு அச்சினை வெட்டி அப்பாற் செல்லும். 1 இல் அச்சினைத் தொட்டு, வந்த பக்கமே திரும்பும். மடங்கு ஒற்றையெண்ணாயின் கடக்கும், இரட்டையெண்ணாயின் திரும்பும்.

மடங்கினை அறியாமை இடர் தரும். இறுதி எண்ணை அளந்தவர் 0.01 அளவே பிழைத்து 1.99 என்று கொண்டார் எனக் கருதுவோம். −2 என்னும் பூச்சியம் ஏறக்குறைய 0.001 அளவே நகரும். இருமடங்குப் பூச்சியமோ 0.94, 1.06 என்னும் எண்களுக்கு அருகே இரண்டாகப் பிளந்துவிடும். 2.01 என்று கொண்டாலோ, அவ்விரண்டும் மெய்யெண்களில் காணப்படா. கலப்பெண்களிற் சென்று மறையும்.

மறைந்தனவும் அழிந்தனவல்ல. கலப்பெண்களையும் சேர்த்து மடங்கோடு எண்ணினால், ஒரு கோவையின் படி எத்துணையோ அத்துணைப் பூச்சியங்கள் தவறாது அமையும். இத்தேற்றத்தைச் செருமானிய அறிஞர் காஸ் 1799 இல் தம் ஆய்வேட்டின் பொருளாக்கி ஆராய்ந்தார். ஆகவே மாணவர்களே, விடை கிடைத்தவுடன் எழுதுகோலைக் கீழே வையாதீர். அவ்விடை எத்தனை முறை என்றும் வினவுக, படியோடு கூட்டி ஒப்பிடுக, கணக்கு நிறைவுறும்.