சொல்லிவிட்டுத் தூங்குங்கள்!

நெடுந்தூர சைக்கிள் பயணத்தில் கால்வலிகூடப் பழகிவிடும். பழகாத கவலை ஒன்று உண்டு. தினமும் பொழுது சாயும்போது அது தலைதூக்கும். இன்றைக்குக் கூடாரத்தை எங்கே போடுவது?

அமெரிக்காவின் 'டிரான்ஸ்அமெரிக்கா' சைக்கிள் தடத்தில் இந்தக் கவலையில் பாதியை ஊர்க்காரர்களே சுமக்கிறார்கள். அந்நாட்டின் 200-வது சுதந்திர ஆண்டான 1976-ல் தொடங்கிய தடம் இது. ஓரிகனின் அஸ்டோரியாவிலிருந்து வர்ஜீனியாவின் யார்க்டவுன் வரை 10 மாநிலங்கள், சுமார் 6,800 கிலோமீட்டர்.

மேற்கில் இடத்துக்குப் பஞ்சமில்லை. பெரும்பாலான தேசிய வனங்களில் காசில்லாமலே தங்கலாம். ஓரிகனின் பல மாநிலப் பூங்காக்களில் நடந்தும் சைக்கிளிலும் வருகிறவர்களுக்கென்றே குறைந்த கட்டணத்தில் தனி இடம் உண்டு. கரடிகள் உலவும் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா போன்ற இடங்களில் மட்டும் உஷாராக இருக்க வேண்டும். சாப்பாட்டோடு பற்பசை, சோப்பையும் கூடாரத்தில் வைக்காமல், கரடி திறக்க முடியாத பெட்டியில் பூட்டிவிட வேண்டும்.

கன்சாஸில் நிலைமை வேறு. கண்ணுக்கெட்டிய தூரம் வயல். அநேகமாக அத்தனையும் தனியார் நிலம். அங்கே கைகொடுப்பது ஊர்ப் பூங்கா. பல சிற்றூர்களில் சைக்கிள் பயணிகள் பூங்காவில் தங்கலாம். சில ஊர்களில் பொது நீச்சல்குளத்தில் குளிக்கவும் முடியும். உள்ளூர் போலீஸுக்கோ ஷெரிஃப் அலுவலகத்துக்கோ முன்கூட்டியே ஒரு போன் செய்துவிட்டால், ரோந்து வண்டி நடுராத்திரியில் தட்டி எழுப்பாது. புல்வெளிக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாய்கள் எத்தனை மணிக்குத் திறக்கும் என்றும் கேட்டுக்கொள்வது நல்லது. கேட்காதவர்கள் தூக்கத்திலேயே நனைவார்கள்.

சில ஊர்கள் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கின்றன. மிசௌரியின் ஃபார்மிங்டனில் பழைய சிறைச்சாலை சைக்கிள் பயணிகளின் விடுதியாகிவிட்டது. மொன்டானாவின் ட்வின் பிரிட்ஜஸில் ஆற்றோரமாகக் குளியலறையோடு ஒரு முகாமே கட்டிவைத்திருக்கிறார்கள். இதில் ஊருக்கும் லாபம் இருக்கிறது. காரில் வருகிறவர் நிற்காமல் போய்விடுவார். நாளெல்லாம் மிதித்து வந்தவரோ வயிறார இரண்டு வேளை சாப்பிட்டு, மறுநாளுக்கு மளிகையும் வாங்கிக்கொண்டுதான் கிளம்புவார்.

யார் கண்ணிலும் படாத இடமே பத்திரமானது என்று புதியவர்கள் நினைப்பார்கள். இந்தத் தடத்தின் அனுபவம் அதற்கு நேர்மாறு. நாம் இங்கே தூங்குகிறோம் என்று ஊரில் நாலு பேருக்குத் தெரிந்திருப்பதே பாதுகாப்பு. எனவே வெளிச்சம் இருக்கும்போதே ஊருக்குள் போய்விடுங்கள். கடையில் ஏதாவது வாங்கிக்கொண்டே பேச்சுக் கொடுங்கள். "இங்கே தங்கலாமா?" என்று கேட்டால் "முடியாது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். "எங்கே தங்கலாம்?" என்று கேட்டுப் பாருங்கள், யோசித்து ஓர் இடம் சொல்வார்கள்.