வளவிலிருந்து வரவேற்பறைக்கு

செட்டிநாட்டு வீடுகளைப் பழமையின் அடையாளமாகப் பார்க்கிறோம். எழுந்த காலத்தில் அவை மிகப் புதிய வீடுகள். வட்டித் தொழிலுக்குப் பர்மா சென்ற செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தார் அங்கிருந்து தேக்கைக் கப்பலில் கொண்டுவந்தார்கள். உள்ளூர்த் தச்சர் கஜலட்சுமி செதுக்கிய நிலையைத் தாண்டி உள்ளே போனால் பெல்ஜியம் கண்ணாடியும் இத்தாலிப் பளிங்கும் இருந்தன. முட்டை வெண்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவரில் ஐரோப்பியக் கடிகாரம் மாட்டினார்கள். இன்று வீட்டு அலங்காரக்காரர்கள் சொல்லும் கலவையை அன்றே அவர்கள் செய்துவிட்டார்கள்.

1948இல் பர்மா விடுதலை பெற்றது. 1962இல் ராணுவ ஆட்சி வந்து தொழில்களை அரசுடைமையாக்கியது. அங்கிருந்து வந்த வருமானம் நின்றது. தலைமுறைகள் பெருக, ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் பலரானார்கள். பழுது பார்க்கவும் முடியாமல் பிரிக்கவும் முடியாமல் கிடந்த வீடுகளில் பல இடிபட்டு, மரம் மரமாக விற்கப்பட்டன. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் கதவும் தூணும் கல்லாப்பெட்டியும் பீங்கான் ஜாடியும் விலைக்கு நிற்பது அப்படித்தான்.

வீட்டின் நடுமுற்றமான வளவைச் சுற்றி வரிசையாக நின்ற தூண்களில் ஒன்று இப்போது சென்னை அடுக்ககத்தில், பத்தடி உயரக் கூரைக்கு ஏற்ப அறுக்கப்பட்டு, விளக்குத் தண்டாக நிற்கிறது. வெள்ளைச் சுவர், சாம்பல் நிற சோபா, நடுவே கருத்த தேக்கு, அழகாகவே இருக்கிறது. லேமினேட் ஒட்டிய துகள்பலகை அலமாரி தண்ணீர் பட்டால் உப்பிவிடும். ஆணியின்றிக் கழுந்து பூட்டிய தேக்குப் பெட்டி நூறாண்டு கடந்தும் உறுதியாக நிற்கிறது. வாங்க ஆளில்லை என்றால் அது விறகாகியிருக்கும்.

ஆனால் கதவைப் படுக்கவைத்து, மேலே கண்ணாடி பதித்து, சாப்பாட்டு மேசையாக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. திறந்து மூடும் பொருள் அது. கல்லாப்பெட்டிக்கு அந்தத் துன்பமில்லை. கணக்கேடு இருந்த இடத்தில் வீட்டுப் பத்திரம் இருக்கிறது. ஊஞ்சலும் அப்படியே. கான்கிரீட் போடும் முன்பே கம்பியோடு கொக்கியைக் கட்டிவிட்டால் புதுக் கூரையும் அதைத் தாங்கும்.

ஆத்தங்குடித் தரைக்கல்லின் கதை வேறு. கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, மணலும் சிமென்டும் இட்டு, நீரில் ஊறவைத்து இன்றும் கையாலேயே வார்க்கிறார்கள். எந்த வீட்டையும் இடிக்காமல் கிடைக்கும் செட்டிநாடு அது. வளவு மட்டும் எந்தக் கடையிலும் இல்லை. மணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை, நடுவே எல்லோருக்குமான வானம் என்ற அந்த அமைப்புக்கு, இரண்டு படுக்கையறை வீட்டில் இடமும் இல்லை, அத்தனை பேரும் இல்லை.